சுழல் எஞ்சின் கண்ட பெலிக்ஸ் வாங்கெல்

யந்திர உலகில் புகழ் பெற்றோரின் வரலாறுகளைப் புரட்டினால், அவர்களுட் பலர் பெரும் பட்டங்கள் பெற்றவராக இருப்பர். வேறு பலர் சிறு வயது முதலே பட்டறையில் கைப்பழக்கம் பெற்றவராக இருப்பர். இவ்விரு கூட்டத்திலும் சேராத ஒருவர் உண்டு. அவர் எந்தக் கல்லூரியின் படியையும் மாணவராக மிதித்ததில்லை. புத்தகக் கம்பெனி ஒன்றில் வேலை கற்றவர். பார்வை மிகவும் மங்கல் என்பதால் கார் ஓட்டும் உரிமம்கூட வாழ்நாள் முழுவதும் பெறாதவர். ஆயினும் அவர் பெயரைத் தாங்கிய எஞ்சின் கார்களில் ஓடியது, படகுகளை உந்தியது, வானிலும் பறந்தது, இன்றும் பறக்கிறது. அவரே செருமானிய நாட்டுப் பெலிக்ஸ் வாங்கெல்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. தானே மாவட்டத்து அம்பர்நாத்தில் வளர்ந்தவன் நான். பழமையான சிவன் கோயிலுக்குப் பெயர் பெற்ற அவ்வூர், படைக்கலத் தொழிற்சாலைக்கும் இயந்திரக் கருவி முன்மாதிரித் தொழிற்சாலைக்கும் அவற்றைச் சுற்றி எழுந்த எண்ணற்ற சிறு பட்டறைகளுக்கும் உரிய ஊர். பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல. என் தந்தையும் அத்தகைய சிறு பட்டறை ஒன்றில் பிட்டராக இருந்தவரே. படித்தவன் வரைந்து தருவான், படியாதவன் அதை ஓட வைப்பான் என்று எங்கள் தெருவில் சொல்வதுண்டு. வரைதல், ஓட வைத்தல் ஆகிய இரண்டில் எது பெரிது என்ற கேள்வி இயற்பியல் முதுநிலை வகுப்புக்கு வந்த பின்னும் என்னை விடவில்லை. வாங்கெலின் வரலாறு அக்கேள்விக்கு நல்ல விடையைத் தருகிறது என்பதாலேயே அதை நம் மன்ற நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பிறப்பும் இளமையும்

பெலிக்ஸ் வாங்கெல் 1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்கள் 13ஆம் நாள், செருமனியின் கருங்காட்டுப் பகுதியை அடுத்த லார் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகன். தந்தை வனத்துறை அலுவலர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது தந்தை போர்முனை சென்றார், அவ்வாண்டிலேயே மாண்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தாய் தனியே வளர்க்க வேண்டியதாயிற்று. பின்னர்த் தாயும் மகனும் ஐடல்பெர்க் நகரில் குடியேறினர்.

போருக்குப் பின் செருமனியில் பணத்தின் மதிப்புச் சரிந்தது. கைம்பெண்ணின் சேமிப்பு கரைந்தது. 1921இல் பள்ளி இறுதித் தேர்வு எழுதாமலே பெலிக்ஸ் படிப்பை விட்டார். பல்கலைக்கழகக் கதவு அத்துடன் அடைபட்டது. ஐடல்பெர்க் நகரத்துப் பதிப்பகம் ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பகலில் புத்தக விற்பனைக் கணக்கு. இரவில் எஞ்சின் பற்றிய நூல்கள். நம் கோவை ஜி. டி. நாயுடுவைப் போலவே இவருக்கும் ஆசிரியராக அமைந்தவை புத்தகங்களும் தம் சொந்தக் கைகளுமே.

1924இல் ஐடல்பெர்க்கில் ஒரு கொல்லைப்புறக் கொட்டகையை நண்பர்களோடு சேர்ந்து பட்டறையாக்கினார். சுழலும் எஞ்சின் பற்றிய எண்ணம் அவருக்குப் பதினேழு வயதிலேயே தோன்றியது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கொட்டகையில் அவ்வெண்ணம் இரும்பாக மாறத் தொடங்கிற்று.

எண்ணத்தின் எளிமை

அது என்ன எண்ணம்? சாதாரண எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் அது ஓடி, நின்று, திரும்பி, மீண்டும் ஓட வேண்டும். நமக்கு வேண்டியதோ சக்கரத்தின் சுழற்சி. நேர் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றக் கிராங்க் தண்டும் இணைப்புக் கோலும் வேண்டும். காற்றையும் புகையையும் உள்ளும் புறமும் விட வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் வேண்டும். ஓடி நின்று திரும்பும் அதிர்வு வேறு. தொடக்கம் முதலே சுழலும் எஞ்சின் ஒன்று இருந்தால் இத்தனை உறுப்புகளும் எதற்கு?

இவ்வினாவை முதலில் எழுப்பியவர் வாங்கெல் அல்லர். நீராவிக் காலத்திலிருந்தே பலர் முயன்று தோற்றனர். அவர்கள் தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வெடித்து விரியும் வாயு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கசிந்துவிடும். உருளை வடிவச் சிலிண்டரில் வளையம் போட்டுக் கசிவை அடைப்பது எளிது. முனைகளும் மூலைகளும் கொண்ட சுழலும் உறுப்பில் அதை எப்படி அடைப்பது? மற்றவர் வடிவத்தைத் தேடினர். வாங்கெல் கசிவைத் தேடினார். அவருடைய தனிச் சிறப்பு இதுவே. 1929ஆம் ஆண்டிலேயே சுழல் எஞ்சினுக்கான தம் முதற் காப்புரிமையை அவர் பதிந்துவிட்டார். ஆயினும் அடுத்த 25 ஆண்டுகளில் பெரும் பகுதியைச் சீல் என்னும் ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சியிலேயே செலவிட்டார்.

கட்சியும் சிறையும்

இவ்விடத்தில் வாங்கெலின் வாழ்வில் மறைக்கலாகாத பகுதி ஒன்றைக் கூற வேண்டும். 1920களின் தொடக்கத்திலேயே, இருபது வயதளவில், அவர் இட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். வேலைக்காகவோ அச்சத்தாலோ பின்னர்ச் சேர்ந்த பலரைப் போல அன்று. கட்சி சிறிதாக இருந்த நாளிலேயே விரும்பிச் சேர்ந்தார். பாடன் மாநிலத்தில் கட்சியின் இளைஞர் அமைப்புக்குத் தலைமை தாங்கினார். பின்னர் அம்மாநிலக் கட்சித் தலைவர் இராபர்ட் வாக்னரோடு பகை மூண்டது. வாக்னர் மீது ஊழற் குற்றம் சாட்டிய வாங்கெல் 1932இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் வாக்னர் பழி தீர்த்துக்கொண்டார். வாங்கெல் தாம் பிறந்த லார் நகரிலேயே சிறை வைக்கப்பட்டார். சில திங்களுக்குப் பின், இட்லரின் பொருளாதார ஆலோசகராக இருந்த வில்லெல்ம் கெப்ளரின் தலையீட்டால் விடுதலை பெற்றார்.

இச்சிறைவாசத்தைக் காட்டி அவரை நாஜிகளை எதிர்த்த வீரர் எனச் சிலர் எழுதக்கூடும். அது பொருந்தாது. அவர் முரண்பட்டது ஒரு தலைவரோடு. கட்சியின் கொள்கையோடு அன்று. போர் நடந்த நாளில், 1940 முதல் 1942 வரை, எஸ். எஸ். என்னும் கறுப்புச் சட்டைப் படையில் பதவியும் வகித்தார். யூத மக்களையும் பிறரையும் இலட்சக்கணக்கில் கொன்றொழித்த ஆட்சிக்கு அவர் அறிவும் உழைத்தது. சீல் ஒன்றில் மயிரிழைக் கசிவையும் பொறாத அவர், தம் கண்முன் நடந்த பெருங்கொடுமையைப் பொறுத்துக்கொண்டார். அறிவியல் பயிலும் நாம் இதை ஒதுக்கிவிட்டு அவர் வரலாற்றைப் படிப்பது நேர்மையாகாது.

லிண்டாவ் நகரில்

சிறையிலிருந்து வந்த வாங்கெல் 1934இல் பி. எம். டபிள்யூ. நிறுவனத்தில் பணியேற்றார். 1936இல் வான்படை அமைச்சகம் அவருக்குப் பெரும் ஆதரவு அளித்தது. செருமனியின் தென் எல்லையில் போடன் ஏரிக் கரையிலுள்ள லிண்டாவ் நகரில் வாங்கெல் சோதனைப் பட்டறை எழுந்தது. அவ்வாண்டிலேயே எம்மா கிர்ன் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

லிண்டாவில் அவர் செய்த முதன்மைப் பணி விமான எஞ்சின்களுக்கான சுழல் வால்வுகள். மேலும் கீழும் துள்ளும் வால்வுக்கு மாறாகத் துளையிட்ட தட்டொன்று சுழன்று காற்று வழியைத் திறந்து மூடும். இங்கும் பழைய எதிரியே தலைகாட்டியது, கசிவு. இவ்வாராய்ச்சியில்தான் அவர் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிவாகப் பிடித்தார். சீலை வில்லினால் மட்டும் அழுத்திக் கசிவை அடைக்க முயல்வது வீண். அதனால் உராய்வும் தேய்மானமும் மிகும். அடைக்க வேண்டிய வாயுவையே சீலின் பின்புறம் புகவிட்டால், அழுத்தம் கூடக்கூட அதுவே சீலைச் சுவரோடு அழுத்தும். நம் வீட்டுச் சமையலறையில் உள்ளிருந்து மூடும் வகைக் குக்கரைப் பாருங்கள். மூடியை நாம் இலேசாகத்தான் மாட்டுகிறோம். நீராவி எழுந்ததும் அதுவே மூடியை விளிம்போடு இறுக்கிவிடுகிறது. பகையையே துணையாக்கிக்கொள்ளும் இம்முறை பிஸ்டன் வளையங்களிலும் செயற்படுவது. அதைச் சுழலும் எஞ்சினின் முனைகளுக்கும் பக்கங்களுக்கும் மூலைகளுக்கும் பொருத்தி, கசியும் இடம் ஒன்றும் விடாமல் தொடர் வேலியாக அமைத்ததே வாங்கெலின் சாதனை.

1945இல் போர் முடிந்தது. பிரெஞ்சுப் படை லிண்டாவுக்குள் நுழைந்தது. பட்டறை கலைக்கப்பட்டது, கருவிகள் பறிமுதலாயின, வாங்கெல் சிறை சென்று 1946இல் வெளிவந்தார். வயது 44. கையில் வேலையில்லை, பட்டறையில்லை. தாம் எழுதி வைத்தவற்றையும் நினைவில் நின்றவற்றையும் கொண்டு, முன் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினார்.

சுழன்றது எஞ்சின்

1951இல் நெக்கர்சுல்ம் நகரின் என். எஸ். யூ. நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. அது மோட்டார் சைக்கிள்களுக்குப் புகழ் பெற்ற நிறுவனம். 1954இல், பல வடிவங்களை ஆராய்ந்து கழித்த பின், தேடிய வடிவம் அகப்பட்டது. 1957 பிப்ரவரி முதல் நாள் முதல் எஞ்சின் சோதனை மேடையில் தன் ஆற்றலால் ஓடிற்று. சிறிய அந்த எஞ்சின் தந்த திறன் 21 குதிரை.

அதன் அமைப்பைச் சொல்கிறேன். இடையில் சற்றே ஒடுங்கிய நிலக்கடலைத் தோட்டின் வடிவில் ஒரு கூடு. அதனுள் மூன்று முனைகளும் புடைத்த பக்கங்களும் கொண்ட, சமோசா வடிவிலான ரோட்டர். மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரைத் தொட்டபடியே சுழலும். எனவே ரோட்டருக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகும். ரோட்டர் சுழலச் சுழல அறைகள் விரிந்து சுருங்கும். விரியும்போது காற்றும் எரிபொருளும் உள்ளே வரும், சுருங்கும்போது அழுந்தும், தீப்பொறி பட்டு எரிந்து விரியும், மீண்டும் சுருங்கும்போது புகை வெளியேறும். வால்வு இல்லை, இணைப்புக் கோல் இல்லை.

வாங்கெல் விரும்பிய முதல் எஞ்சினில் ரோட்டரும் சுழலும், கூடும் சுழலும். இரண்டும் தத்தம் மையத்தில் சீராகச் சுழன்றதால் அதிர்வே இல்லை. ஆனால் சிக்கல் மிகுதி. தீப்பொறிச் செருகி உள்ளே இருந்ததால் அதை மாற்றுவதற்கே எஞ்சினைப் பிரிக்க வேண்டும். என். எஸ். யூ. பொறியாளர் ஆன்ஸ் டீட்டர் பாஷ்கே வேறு வழி கண்டார். கூட்டை அசையாமல் நிறுத்தி, ரோட்டர் மட்டும் மையம் விலகிச் சுழலுமாறு மாற்றினார். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவது போன்ற இயக்கம் இது. ரோட்டர் ஒருமுறை சுழல்வதற்குள் தண்டு மூன்று முறை சுழன்றுவிடும். 1958இல் அவ்வகை எஞ்சின் ஓடியது. தம்மைக் கேளாமலே செய்த இம்மாற்றம் வாங்கெலுக்குப் பிடிக்கவில்லை. தூய சுழற்சியைக் கெடுத்துவிட்டதாகக் கருதினார். ஆயினும் உலகெங்கும் வாங்கெல் எஞ்சின் என்ற பெயரில் ஓடியது பாஷ்கே எளிதாக்கிய வடிவமே. கண்டவர் பெயர் நிலைத்தது. செய்யத்தக்கதாக்கியவர் பெயர் சிலருக்கே தெரியும்.

வெப்பமும் கீறலும்

1960 ஜனவரியில் மூனிக் நகரில் எஞ்சின் பொறியாளர் உலகுக்குக் காட்டப்பட்டது. உலகின் பெரிய நிறுவனங்கள் உரிமம் பெறத் திரண்டன. 1964இல் என். எஸ். யூ. ஸ்பைடர் என்னும் கார் விற்பனைக்கு வந்தது. 1967இல் ரோ 80 என்னும் அழகிய கார் வெளிவந்து, அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதையும் பெற்றது.

பிறகே இடர் தொடங்கியது. முனைச் சீல்கள் விரைவில் தேய்ந்தன. உத்தரவாதத்தின்படி நிறுவனம் எஞ்சின்களை இலவசமாக மாற்றித் தந்துகொண்டே இருந்தது. ரோ 80 உரிமையாளர்கள் தெருவில் ஒருவரையொருவர் கண்டால், எத்தனையாவது எஞ்சின் என்று விரல்களால் காட்டிக்கொள்வர் என்ற கேலி அந்நாளில் பரவியது. நட்டம் தாங்காத நிறுவனம் 1969இல் வோக்ஸ்வாகன் குழுமத்தில் கலந்தது.

தேய்மானத்துக்கு ஒரு வேர் வெப்பம். சாதாரண எஞ்சினில் தீ எரியும் அதே சிலிண்டருக்குள் அடுத்துக் குளிர்ந்த காற்றும் வருகிறது. சுவர் முழுவதும் ஓரளவு ஒரே சூட்டில் இருக்கும். சுழல் எஞ்சினிலோ தீ எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் எரிகிறது. குளிர்ந்த காற்று எப்போதும் மறுபக்கத்தில் நுழைகிறது. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் பானை. சூடான பக்கம் விரிந்து கூட்டின் வடிவம் சிறிது கோணும். கோணிய சுவரில் சீல் சரியாகப் படியாது. எனவே தீப்பொறிச் செருகியைச் சூழ்ந்த இடத்தில் நீரை மிகுதியாக ஓட விட வேண்டும். ரோட்டரின் கதை வேறு. மூன்று பக்கமும் தீப் படும் அதனுள் நீரை விட இயலாது. ஆகவே எண்ணெயை உள்ளே செலுத்தி வெப்பத்தை வாரி வெளியே கொணர்கின்றனர். இவ்வெஞ்சினில் எண்ணெய், உராய்வைக் குறைப்பதோடு நில்லாமல், குளிரூட்டும் பணியிலும் பெரும்பங்கு ஏற்கிறது.

மற்றொரு வேர் அதிர்வு. 1961இல் உரிமம் பெற்ற சப்பானிய மாஸ்டா நிறுவனம் அதை ஆராய்ந்தது. யாமமோட்டோ கெனிச்சியின் தலைமையில் 47 பொறியாளர்கள் கூடினர். சில மணி நேர ஓட்டத்திலேயே கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல்கள் விழுந்தன. அவற்றைப் பிசாசின் நகக் கீறல் என்றே அவர்கள் அழைத்தனர். சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்துச் சுவரைப் பிறாண்டியதே காரணம் எனக் கண்டனர். சீலில் குறுக்கே துளைகள் இட்டதும் அதிர்வெண் மாறிற்று, கீறல் மறைந்தது. பின்னர் அலுமினியம் ஊட்டிய கரியினால் சீல் செய்தனர். 1967இல் மாஸ்டா காஸ்மோ கார் வெளிவந்தது. நாம் இளநிலை வகுப்பில் இசைக் கவையைத் தட்டிப் படித்த ஒத்ததிர்வுப் பாடம் ஒரு தொழிற்சாலையின் தலையெழுத்தையே மாற்றியது.

வானில் பறந்தது

சுழல் எஞ்சினின் குணங்கள் விமானத்துக்கு மிகவும் ஏற்றவை. எடை குறைவு; அதிர்வு குறைவு; அசையும் உறுப்புகள் சில. முனைச் சீல் ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் திறன் குறைந்து ஓடுமேயன்றித் திடீரென நின்றுவிடுவதில்லை. 1958இல் உரிமம் பெற்ற அமெரிக்கக் கர்ட்டிஸ்-ரைட் நிறுவனத்தின் எஞ்சினைத் தாங்கி, 1960களின் இறுதியில் லாக்கீட் நிறுவனத்தின் ஓசை குறைந்த சோதனை விமானமான கியூ-ஸ்டார் பறந்தது. செருமானிய மோட்டார் கிளைடர்கள் சிலவும் சிறு சுழல் எஞ்சினைக் கொண்டுள்ளன.

நம் நாட்டிலும் அது பறந்துள்ளது. ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கும் நிசாந்த் விமானத்துக்கு முதலில் வெளிநாட்டுச் சுழல் எஞ்சினே வாங்கப்பட்டது. பின்னர்ப் பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகமும், நம் மகாராட்டிரத்தின் அகமத்நகரிலிருந்த ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூர் வானூர்தி மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 55 குதிரைத் திறனுள்ள வாங்கெல் எஞ்சினை உள்நாட்டிலேயே உருவாக்கின. 2009 மார்ச் 29ஆம் நாள் கோலாரில் நிசாந்த் அவ்வெஞ்சினோடு பறந்தது.

மேல்நாடுகளில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கும் ஆர்வலர் பலர் உளர். அவருட் சிலர் மாஸ்டா காரின் எஞ்சினைப் பெயர்த்தெடுத்து, வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம் பூட்டி, விசிறியைச் சுழற்றுகின்றனர். அவர்களுக்கு நேரும் தொல்லைகளில் முதன்மையானவை இரண்டு: குளிரூட்டலும் மானிகளும். தரையில் நன்றாக ஓடிய எஞ்சின், முழுத் திறனோடு மேலேறும்போது சுட்டுவிடுகிறது. அல்லது சுட்டுவிட்டதாக மானி காட்டுகிறது. இவ்விரண்டில் எது உண்மை என்று காண்பதே முதல் வேலை.

என் தந்தைக்குப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. ஜெனரேட்டர் சுடுகிறது என்று யாரேனும் ஓடி வந்தால், அவர் ஸ்பானரை எடுக்கமாட்டார். மீட்டரின் கம்பியைத்தான் முதலில் பார்ப்பார். விமானம் கட்டுவோரின் முறையும் அதுவே. வெப்ப உணரியைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் இட வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் அது 100 பாகையை ஒட்டிக் காட்ட வேண்டும். விளக்கையோ மின்விசையின் பிற சுமையையோ போட்டதும் முள் தாவினால் குற்றம் எஞ்சினில் இல்லை. எர்த் கம்பியில் உள்ளது. மற்றொன்று இதினும் கொடியது. நீர் கசிந்து வடிந்தபின் உணரி வெறும் ஆவியில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே மானி குறைவாகக் காட்டும். ஆகவே வெப்பமானியோடு நீரின் அழுத்தம் காட்டும் மானியும் இருப்பது உயிர் காக்கும். மிகையாகக் காட்டும் மானி வீண் அச்சம் தரும். குறைத்துக் காட்டும் மானி ஆளைக் கொல்லும்.

மானி மெய் சொல்கிறது எனத் தெளிந்த பின்னரே குளிரூட்டலை ஆராய வேண்டும். நீர்ப்பாதையின் உச்சியில் காற்றுக் குமிழ் தங்கியுள்ளதா? ரேடியேட்டரின் மூடி அழுத்தத்தைத் தாங்குகிறதா? எண்ணெய்க் குளிர்விப்பான் போதுமான அளவுடையதா? நீரை மட்டும் கவனித்து எண்ணெயை மறப்பவர் இவ்வெஞ்சினின் இயல்பை அறியாதவர். இறுதியாகக் காற்று. ரேடியேட்டருக்குள் காற்று நுழைய வாயில் வைப்போர் பலர். நுழைந்த காற்று வெளியேற வழி போதாவிட்டால் அது உள்ளேயே முட்டி நிற்கும் என்பதை நினைப்போர் சிலர். வாயிலைப் பெரிதாக்கிப் பயன் காணாதவர், வெளிவழியை அகலமாக்கியதும் வெப்பம் தணியக் காண்பர்.

பிற்கால வாழ்வு

வாங்கெலுக்குச் செல்வமும் புகழும் முதுமையில் வந்தன. கல்லூரி காணாத அவருக்கு 1969இல் மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1971இல் அவரும் கூட்டாளியும் தம் உரிமைகளை 10 கோடி மார்க்குக்கு இலண்டன் நிறுவனம் ஒன்றுக்கு விற்றனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் சுழல் எஞ்சினைப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மாஸ்டா மட்டும் விடவில்லை. முதுமையில் வாங்கெல் விரைவுப் படகுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். விலங்குகளிடம் அன்பு மிக்கவர். ஆய்வுக்கூடங்களில் விலங்குகள் படும் துன்பத்தைக் குறைக்க வழி காண்போர்க்கு அவர் பெயரால் பரிசு ஒன்றும் 1972இல் நிறுவப்பட்டது. மனிதர் துன்பத்தின் முன் வாளாவிருந்தவர் விலங்கின் துன்பத்துக்கு உருகினார் என்னும் முரண்பாட்டை என்னால் அவிழ்க்க இயலவில்லை, உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

1988 அக்டோபர் 9ஆம் நாள், 86ஆம் வயதில் வாங்கெல் மறைந்தார். இளமையில் கொட்டகை போட்ட ஐடல்பெர்க் நகரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். 1991இல் பிரான்சு நாட்டு லெ மான் நகரின் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் மாஸ்டாவின் சுழல் எஞ்சின் கார் முதலிடம் பெற்றதை அவர் காணவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

நண்பர்களே! வரைதல் பெரிதா, ஓட வைத்தல் பெரிதா என்ற கேள்விக்கு இவ்வரலாறு தரும் விடை இதுதான்: இரண்டையும் பிரிப்பதே பிழை. வாங்கெலின் எண்ணம் 1929இலேயே தாளில் இருந்தது. கசிவை அவர் 25 ஆண்டுகள் தேடினார். வடிவத்தைப் பாஷ்கே எளிதாக்கினார். கீறலை யாமமோட்டோவின் குழு ஒழித்தது. வெப்பத்தை இன்றும் யாரோ ஒருவர் தம் கொட்டகையில் நின்று தணித்துக்கொண்டிருக்கிறார். குற்றம் எங்கே எனப் பொறுமையோடு தேடுபவர் இல்லையேல் எந்தக் கண்டுபிடிப்பும் தாளை விட்டு எழுவதில்லை. அம்பர்நாத் பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்பவரும், நம் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனர்.

மற்றொன்றும் உண்டு. நம்முள் பலர் நாளை அரசின் ஆய்வகங்களிலும் பெருந்தொழில்களிலும் அமரப் போகிறோம். எஞ்சினின் மானி பொய் சொல்கிறதா எனச் சோதிக்க நமக்குக் கற்றுத் தருகின்றனர். நாம் உழைக்கும் இடம் எதற்காக உழைக்கிறது என்று சோதிக்கும் மானியை ஒருவரும் நம் கையில் தருவதில்லை. அதை நாமே செய்துகொள்ள வேண்டும். வாங்கெல் அதைச் செய்துகொள்ளவில்லை. அவருடைய பொறுமையை நாம் கற்றுக்கொள்வோம். அவர் கேளாமல் விட்ட கேள்வியை நாம் கேட்போம்.